பேப்பர் லைட்ஹவுஸ் நெடுங்கரையில் இறங்கிய நாள்

பேப்பர் லைட்ஹவுஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு 1975ஆம் ஆண்டு ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி எங்கள் ஊரான நெடுங்கரையில் வாசிக்கவில்லை. வாசித்ததாக, சரியாக ஐம்பது வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் வானொலியில் சொன்னேன். அன்று மத்தியானத்துக்குள் அவர்கள் வாசித்திருந்தார்கள்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வரிசை தவறினால் யாரையோ ஏமாற்றுவதுபோல் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். என் பெயர் திலகவதி. எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு, ஊர்க் கலைக் கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் இரண்டு வருடமாக இருந்தேன். வானிலைக்கும் காய்கறி விலைக்கும் நடுவில் வரும் 'இசையில் இன்று' என்னுடையது. எந்தத் தேதியில் எந்தப் பாடகர் மேடையில் கிதாரைக் கொளுத்தினார், எந்தக் குழு எந்த மொட்டை மாடியில் ஏறிக் கடைசியாக வாசித்தது, எந்த இசைத்தட்டு எந்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தது என்று தினமும் மூன்று செய்திகள், ஒவ்வொன்றும் நாற்பது விநாடி. அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் நெடுங்கரையில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் செய்திகளை எல்லோரும் கேட்டார்கள். எங்கோ யாருக்கோ பிறந்த நாளும் நினைவு நாளும் தவறாமல் அனுசரிக்கப்படுகிறது என்பது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. எந்தச் செய்தியையும் இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் நான் சொன்னதில்லை. தவறு நேர்ந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் திருத்தம் வாசிக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. இரண்டு வருடத்தில் நான்கு முறை வாசித்திருக்கிறேன், நான்கு முறையும் முந்தின நாள் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை சாலையை அகலப்படுத்த வந்த ஜே.சி.பி. இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டது. இரண்டு செய்திகள் முன்னாலேயே எழுதி வைத்திருந்தேன், மூன்றாவது இல்லை. நிலையப் பொறுப்பாளரான தமிழ்ப் பேராசிரியர் குலோத்துங்கன் சார் போனில் சொன்னார்: "எப்பப் பாத்தாலும் லண்டன், நியூயார்க்குன்னே சொல்லிக்கினு இருக்கியேம்மா, நம்ம மண்ணுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒரு ஒட்டு உறவு வேணாமா? மூணாவது நம்மூர் சம்பந்தமா இருக்கட்டும்." ஏழு மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. இல்லை சார், தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்து வெளியே வந்தவர்கள் யாருமில்லை, அதனாலோ என்னவோ, பேராசிரியர்களிடம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினேன்.

"1975ஆம் ஆண்டு இதே நாளில், சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த பேப்பர் லைட்ஹவுஸ் என்ற ராக் குழு, முன்னால் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டதால் நெடுங்கரையில் நின்ற வண்டியிலிருந்து தங்கள் வாத்தியங்களை இறக்கி, மாலை ஆறரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் வாசிக்கத் தொடங்கியது. ஊரே திரண்டு வந்து கேட்டது."

ஏன் 1975 என்றால், அது என் கை எழுதிய வருடம். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா ஸ்டூலில் ஏறி நின்று தன் அண்ணன் படத்துக்குப் புது மாலை போட்டுக்கொண்டிருந்தாள். படத்தின் அடியில் 'மறைவு 12.4.1975' என்று வெள்ளை எழுத்தில் இருக்கும், பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு வருடத்தை எழுது என்று யாராவது திடுமென்று கேட்டால் வேறெதையும் எழுதத் தெரியாத அளவுக்கு அது எனக்குள் இருந்திருக்கிறது.

அந்த நாளில் நடந்தது இதுதான்: ஆற்றோரம் போட்டிருந்த டூரிங் கொட்டகையில் மாலை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது கீற்றில் தீப்பிடித்துப் பதினொரு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் என் மாமா தணிகாசலம். பி.எஸ்சி. கடைசி வருடம், பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது, தலை சூடாகிவிட்டது, ஒரு படம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர்.

ஊரே திரண்டு வந்து கேட்டது என்று நான் எழுதிவிட்டதால் கொட்டகையில் அன்று யாரும் இல்லை. அது காலியாக எரிந்தது.

பன்னிரண்டு நாற்பது பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். எழுபது வயது, முன்தலையில் வழுக்கை, கையில் ஜிப் போன ஒரு ரெக்ஸின் பை. நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ரேணு, தண்ணி குடு" என்றார். அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, ஒரு லெட்டர் போடக் கூடாதா? பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேனே."

"போட்டனே. போன வாரமே போட்டேன்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கடிதம் இருந்தது. அதற்குக் கீழே பிலாயிலிருந்து ஐம்பது வருடமாக அவர் எழுதிய இன்லண்டு கடிதங்கள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. என் பெயர் சூட்டலுக்கு வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்து எழுதியதும் இருந்தது.

நான் நிலையத்திலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். "யாரும்மா இவரு?"

"உங்க மாமாடி. பிலாய் ஸ்டீல் பிளான்ட்ல ரிட்டயர்டு ஆயிட்டு அங்கயே இருந்தாரு, இப்பதான் வந்திருக்காரு."

"மாமா செத்துட்டாரேம்மா."

"செத்தாருதான்," என்றாள் அம்மா, சாம்பாரைக் கிளறிக்கொண்டே. "அப்புறம் கச்சேரிக்குப் போயிட்டாருல்ல."

நெடுங்கரை முழுக்க அன்று இந்த ஒரு வாக்கியம்தான் விளக்கமாக இருந்தது, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஊருக்கு இரண்டு ஞாபகமும் இருந்தது. தீயில் கருகியவர்களை வாழை இலையில் சுற்றித் தூக்கி வந்ததும் ஞாபகம் இருந்தது, அவர்களே மைதானத்தில் தோளோடு தோள் நின்று, நீளமுடிக்காரன் ஒருவன் கிதாரை முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்ததை வாய் பிளந்து பார்த்ததும் ஞாபகம் இருந்தது. ஒரே வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருப்பதுபோல் இரண்டையும் வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டியதன் வழியாகப் போய்வந்தார்கள்.

பதினொரு பேரும் ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள், ஒருவர் பம்பாயிலிருந்து, ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து. லோகம்மாள் குடத்தோடு வந்தாள், தண்ணீர்க் குழாயில் கூட்டம், அதுதான் நேரமாகிவிட்டது என்றாள். அவள் புருஷன் சின்னப்பையன், அவள் இறந்த மறுவருடமே பட்டம்மாளைக் கட்டி நான்கு பிள்ளைகள் பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் பேரன் எடுத்தவர், வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் தூணைப் பிடித்துக்கொண்டார். பட்டம்மாள்தான் முதலில் பேசினாள்: "வாங்கக்கா. நாற்பத்தொம்பது வருஷமா இவருக்கு உப்பு கம்மியா ஆக்கிப் போட்டு எனக்கு நாக்கு செத்துப்போச்சு. இனிமே நீங்க பாத்துக்கோங்க, நான் கொஞ்சம் உக்காருறேன்."

ஐம்பது வருடமாக ஆடி அமாவாசைக்குத் திதி வாங்கிக்கொண்டவர்களின் பெயரை இனி என்ன செய்வது என்று குருக்களிடம் கேட்டார்கள். கொடுத்த எள்ளும் தண்ணீரும் வேறு யாராவது தாகத்துக்கு உதவியிருக்கும், கவலை வேண்டாம் என்றார். ஆற்றோரம் பதினொரு பெயர் செதுக்கிய நினைவுத்தூண் இருந்தது. அதை இடிக்கலாமா என்று பேரூராட்சியில் தீர்மானம் கொண்டுவந்தபோது, திரும்பி வந்தவர்களே வேண்டாம் என்றார்கள், ஊரில் நிழலுள்ள இடம் அது ஒன்றுதான், நாங்கள் அங்கேதான் உட்காருகிறோம் என்றார்கள். கட்சிக்காரர்கள் பொன்விழா பிளெக்ஸ் வைத்தார்கள், ஆளுக்கொரு மாவட்டச் செயலாளரோடு, ஒவ்வொரு பிளெக்ஸிலும் குழுவில் ஆள் எண்ணிக்கை வேறு. பேண்டு செட்டு வைத்திருக்கும் தெருவில், வெள்ளைக்கார டிரம்மருக்கு அன்று கை வலித்ததால் இடையில் அரைமணி நேரம் வாசித்தது எங்கள் பெரியப்பாதான் என்றார்கள், மேல்தெருக்காரர்கள் அதை மறுத்து மனு கொடுத்தார்கள், போலீஸ் வந்து இரண்டு தரப்பும் வாசித்ததாக எழுதி வாங்கிக்கொண்டு போனது. பஸ் கண்டக்டர்கள் பள்ளிக்கூட நிறுத்தத்தைக் கச்சேரி ஸ்டாப் என்று கூவத் தொடங்கினார்கள்.

எனக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. நான் எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றுக்கான காரணமும் எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வந்தவர்களால் அசையாமல் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் குதிகால் தாளம் போட்டது, படுத்தால் கட்டில் ஆடியது, மாமா சாப்பிடும்போது விரல்கள் தட்டின் விளிம்பில் ஓடிக்கொண்டே இருந்தன. தூணடியில் பதினொரு பேரும் கூடினால் அவர்கள் காலடியில் மண் பொடிந்தது. நரம்புத் தளர்ச்சி என்று அரசு ஆஸ்பத்திரியில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்கு அது கட்டுப்படாது. நாற்பது விநாடியில் கச்சேரி தொடங்கியதை எழுதிய நான், முடிந்ததை எழுதவில்லை. அது முடியவே இல்லை. மெல்ல அது மற்றவர்களையும் பிடித்தது. ரேஷன் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள், மளிகைக் கடையில் தராசுத் தட்டு நிலைகொள்ளவில்லை, அம்மா அரிசி களையும்போது இடுப்பு லேசாக அசைந்தது. நான் பார்ப்பதைக் கண்டுகொண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை திருத்தம் வாசிக்கத் தாளோடு போனேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் மாமா வந்து உட்கார்ந்திருந்தார், மருமகள் ரேடியோவில் பேசுவதைப் பார்க்க வேண்டுமாம். காய்கறி விலையை வாசித்துவிட்டு வந்தேன். இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அப்துல் வகாப் சார் டீக்கடைக்குத் தன் பழைய டைரியோடு வந்தார். அறுபது வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறவர். "தகராறுக்கு வரலைப்பா. இருக்கிறதைப் படிக்கிறேன்," என்று சொல்லி, 1975 ஏப்ரல் பன்னிரண்டைப் படித்தார்: "இரவு கொட்டகையில் தீ. மனம் சரியில்லை." அவ்வளவுதான் இருந்தது. அவர் படித்து முடித்தபோது, எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லோகம்மாளின் கையிலிருந்த டீ கிளாஸ், விரல்களுக்கு நடுவிலிருந்து அல்ல, விரல்களின் வழியாகவே கீழே விழுந்து உடைந்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டம்மாள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் முந்தானையால் மூடினாள். வகாப் சார் டைரியை மூடிக்கொண்டு, மழையில்லாத வெயிலில் குடையை விரித்துக்கொண்டு நடந்துபோனார்.

அன்றிலிருந்து சந்தேகத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் வேறு வேலை இல்லாததுபோல் அதே நினைப்பாக இருந்தது.

ஜூன் மாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் அரசு பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக உதவியாளர் பணி, முதல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை, சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரவும். முன்னுரிமைப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. குடும்பத்தில் எனக்கு முன்னால் பட்டதாரி எவருமில்லை என்று தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. அதை வைத்துத்தான் கட்டணச் சலுகை வாங்கிப் படித்தேன். அதற்கான மனுவில் அப்பா, அம்மா, தாத்தா, பெரியப்பா, மாமன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. மாமன் என்ற வரியில் பதினெட்டு வயதில் நானே என் கையால் எழுதியிருந்தேன்: 'படிப்பை முடிக்குமுன் மறைவு.' இப்போது, மனுவில் சொன்னது இன்றும் உண்மை என்று புதிதாக ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு எடுத்து வர வேண்டும்.

சமையலறையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். 'என் குடும்பத்தில் எனக்கு முன்' என்பதுவரை வந்தபோது கூடத்தில் ஏதோ விழுந்தது. மாமாவின் மூக்குக் கண்ணாடி. மூக்கில் நிற்காமல் விழுந்திருந்தது. "இன்னாடா இது," என்று குனிந்து தடவிக்கொண்டிருந்தார். அது அவர் கைக்குச் சிக்க மூன்று தடவை ஆனது. நான் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. பொய் சொன்னவள் நான், உண்மையைச் சொன்னால் பதினொரு பேர் போய்விடுவார்கள் என்ற பயம் பழைய பயம், அதோடு வாழப் பழகியிருந்தேன். புதிய பயம் வேறு. உண்மையைச் சொன்னால் மாமா பட்டம் வாங்காமலே செத்தவராகிவிடுவார், எனக்கு வேலை கிடைக்கும். என் நேர்மையும் என் லாபமும் ஒரே பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. நான் உண்மை பேச ஆசைப்படுவது உண்மைக்காகவா, பாலிடெக்னிக்குக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் மாமாவிடமே சொன்னேன். சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் கிணற்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார், நிற்க முடியாதவர் வேறு என்ன செய்வார்.

"மாமா, அந்தக் கச்சேரி நடக்கவே இல்லை. நான்தான் எழுதினேன்."

அவர் இன்னொரு சுற்று முடித்துவிட்டு வந்தார். "நீ எழுதினியா? அப்போ கடைசிப் பாட்டு எதுன்னு சொல்லு. தூணாண்ட தெனம் அதுக்குத்தான் சண்டை."

"கடைசிப் பாட்டு எழுதல மாமா. நாற்பது செகண்டுதான் டைம்."

"அடிப்பாவி." இன்னொரு சுற்று. "முப்பத்தெட்டு வருஷம் உலைக்கு முன்னாடி ஷிஃப்ட் பாத்தேன். புருவம் ரெண்டு வாட்டி கருகிடுச்சு. அதையெல்லாம் நீ நாற்பது செகண்டுல எழுதிட்டியா?"

"அதையெல்லாம் நான் எழுதலை மாமா. நீங்க பள்ளி மைதானத்துக்குப் போனதுவரைக்கும்தான்."

அவர் யோசித்தார், கால்விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு, கோபமாகவே சொன்னார்: "அப்போ போய்ச் சொல்லிடு."

"மாமா, லோகம்மா கை..."

"பாத்தேன். யாரு எப்போ எந்த டைரியத் திறப்பாங்கன்னு பயந்துக்கினு எத்தினி நாள் கால் ஆட்டிக்கினு கெடக்கிறது? இருக்கிறவன் இருப்பான், சொல்லிடு. நீ வேற, வயித்துல ஒண்ணும் இல்லாம குச்சி மாதிரி ஆயிட்ட."

பத்தாவது சனிக்கிழமை, ஏழு பத்துக்கு, திருத்தம் வாசித்தேன். குலோத்துங்கன் சாருக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப்புறம் மாமா வழக்கமான நாற்காலியில் இருந்தார், அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கூட்டுறவு வங்கி நாட்காட்டி. நான் தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தேன்: ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஒலிபரப்பிய மூன்றாவது செய்திக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அதை எழுதியவள் நான், இன்டர்நெட் இல்லாததால் எழுதினேன், பேப்பர் லைட்ஹவுஸ் என்ற பெயரும் நான் வைத்ததுதான். இதைச் சொல்வதால் எனக்கு ஓர் அரசு வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு, நேயர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.

நிமிர்ந்தபோது மாமாவின் சட்டை வழியாக நாட்காட்டியில் ஜூன் மாதத்தின் தேதிகள் தெரிந்தன. பௌர்ணமிக்குப் போட்டிருந்த வட்டம்கூடத் தெளிவாக. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நன்றாகப் படித்தாய் என்பதுபோல். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவர் கால் அசையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது ஒலிபரப்பிலும் போனது.

அப்போது போன் அடித்தது. நேயர் அழைப்பு நேராக ஒலிபரப்பில் விழும்படி வயரிங் செய்திருந்தவள் நான்தான்.

"யாருடி பேசறது? ரேணுகா பொண்ணா?" பட்டம்மாள். "நீ எழுதினியா? எங்கக்கா போன கச்சேரிய நீ எழுதினியா? அப்போ நீ பொறந்திருந்தியா? உங்கம்மாவே அப்போ பாவாடைய இழுத்துக்கினு மூக்கு ஒழுகிக்கினு இருந்தா! நான் வேப்ப மரத்துமேல உக்காந்து பாத்தேன், கிளை முறிஞ்சி விழுந்து முட்டியில அஞ்சி தையல் போட்டாங்க, வா, வந்து பாரு, அதையும் நீதான் எழுதினியா? நாலு எழுத்துப் படிச்சிட்டா ஊர்ல நடக்கிறது எல்லாம் உன் பேனாவிலதான் நடக்குதா?"

"அத்தை, நான் உண்மையைத்தான்..."

"வையிடி போனை!" என்றாள், ஆனால் அவளே வைக்கவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் திட்டினாள். திட்டத் திட்ட, நாட்காட்டியில் தேதிகள் மங்கின.

அவள் வைத்ததும் இன்னொருவர். பிறகு இன்னொருவர். தன் அப்பாவின் சைக்கிளைக் கூட்டத்தில் தொலைத்தவர், அந்த ராத்திரி பிறந்ததால் இத்தனை வருடமும் காது மந்தமாகவே இருப்பவர், டிரம் குச்சி ஒன்றை இன்றுவரை களி கிண்டும் கோலாக அடுப்படியில் வைத்திருப்பதாகச் சொன்னவள். எல்லோருக்கும் என்மேல் கோபம். இத்தனை பேர் கூடிப் பார்த்த ஒன்றைத் தனியாக ஒருத்தி செய்ததாகச் சொல்லிக்கொள்வது என்ன கொழுப்பு என்பதுதான் கேள்வி. எட்டரைக்கு நிலையத்தின் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாக அப்துல் வகாப் சார், குடையோடு.

மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "நான் போகலை. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது. அதனாலதான் டைரியில எழுதலை, பார்த்ததைத்தான் எழுதுறது என் பழக்கம். ஆனா வீட்டு ஜன்னல் கண்ணாடி அன்னைக்கு அதிர்ந்தது. ஏன்னு தெரியாம எழுந்துபோய்த் துணி அடைச்சேன். அந்தத் துணி இன்னும் இருக்கு." மடித்த ஒரு பழைய கட்டம் போட்ட துணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அந்தத் துணியை நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு என்ன நம்புவதென்று தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நான் சொன்னது உண்மை. அவர் சொன்னதும் உண்மை.

கண்ணாடிக்கு அந்தப்புறம் நாட்காட்டி முழுக்க மறைந்திருந்தது, அதற்கு முன்னால் மாமா ஒரு கனமான மனிதராக எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, குதிகால் தட்டியபடி, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வர மத்தியானம் ஆயிற்று. ரெக்ஸின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஆதாரம் இல்லைன்னியே. என்னாண்ட இது ஒண்ணுதான் இருக்கு."

பல்கலைக்கழக முத்திரையோடு இளங்கலை அறிவியல் பட்டச் சான்றிதழ். இயற்பியல், இரண்டாம் வகுப்பு, ஏப்ரல் 1975 தேர்வு. ஒன்பது நாள் கழித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார். மடிப்புகளில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கெட்டியான தாள், சூட்டில் ஓரம் லேசாகப் பழுத்த தாள். இதை நான் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரியும், அம்மா சொல்லியிருப்பாள். அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"சும்மா பாத்துக்கினு இருக்காத. படி. பேரு சரியா இருக்குதா?"

"இருக்கு மாமா."

வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்கு இருவரும் போனோம். பிரிவு எழுத்தர் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனவர் எங்களைப் பார்த்து மூடினார். என் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் மாமாவின் பட்டத்தின் நகலையும் வைத்து, ரத்து செய்யக் கோரும் மனுவையும் மேலே வைத்தேன்.

"ரத்து பண்ணவா?" என்றார். "வாங்கத்தான் எல்லாரும் வருவாங்க. எதுக்கும்மா, வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு வேற எழுதியிருக்க. யாரும் புகார் குடுத்தாங்களா?"

"இல்லை மேடம்."

"அப்போ பேசாம போயேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி யாரு என்ன படிச்சாங்கன்னு யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"மாமா வெளியிலதான் இருக்காரு."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாமா வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார், விரல்கள் ஜன்னல் கம்பிகளில் வரிசையாகத் தட்டிக்கொண்டு போயின. எழுத்தர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் பேனாவும் மேசையில் அதே வேகத்தில் தட்டத் தொடங்கியது. பிறகு முத்திரையைத் தேடி எடுத்தார்.

"அப்போ நீ ரெண்டாவது."

"ஆமா மேடம். ரெண்டாவது."

சான்றிதழின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, ரத்து என்று எழுதி, தேதியிட்டு, நகலை என்னிடம் கொடுத்தார். ஒப்புதல் கையெழுத்துப் போடும்போது என் குதிகால் தரையில் தட்டியது. பயத்திலா, அந்தத் தாளத்திலா, தெரியவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது, பட்டியலில் அடுத்த பெயர் யாருடையது, அடுத்த அழைப்பு எப்போது வரும், வருமா, வானொலியில் இனி என்னை உள்ளே விடுவார்களா என்று தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் மாமா நிற்காமலே கேட்டார். "இன்னா சொன்னாங்க?"

"ரத்து பண்ணிட்டாங்க."

ஐந்தாறு அடி நடந்தார். திரும்பி வந்தார். "என்னாலதானே."

"இல்லை மாமா. எனக்கு முன்னாடி நீங்க படிச்சிட்டீங்க, அவ்வளவுதான்."

அவர் ரெக்ஸின் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். நான் அவர் நடைக்கு ஈடுகொடுத்துப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தேன். பஸ் நிறுத்தம்வரை நாங்கள் நிற்கவில்லை, பஸ் வந்த பிறகும் அவரால் உட்கார முடியாததால், காலி இருக்கைகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் ஊர்வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.